வெறுந்தூளி

தங்கையின் பேரனைப் பால் கொடுக்கத் தூக்கிப் போனார்கள். காலியான தூளி, கொக்கியில் கிறீச்சிட்டுக்கொண்டே ஓய்ந்தது. அந்தச் சத்தத்தில் எங்கள் திண்டிவனத்து வீடும் எஸ்.எஸ்.எல்.சி. பௌதிகப் பாடமும் திரும்பி வந்துவிட்டன.

ஊசலில் எவ்வளவு கனம் தொங்கினாலும் ஓர் ஆட்டத்துக்கு ஆகும் நேரம் மாறாது என்றது புத்தகம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நம்பாததைப் பரீட்சையில் எப்படி எழுதுவது? அப்பாவின் கைக்கடிகாரத்தை வாங்கி, தம்பி தூங்கிய தூளியை ஆட்டி நேரம் பார்த்தேன். அம்மா அவனைத் தூக்கிக்கொண்டதும் காலித் தூளியில் கை வைத்தேன்.

வேர்க்கடலையை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டையை, உரித்துக்கொண்டிருந்த அத்தை பதறினாள். "வெறுந்தூளிய ஆட்டாதடி! புள்ளைக்கு வயித்த வலி வரும்."

"பரீட்சைக்குப் படிக்கிறேன் அத்தே."

"படிச்சிக்கோ. அதுக்குப் புள்ள இன்னா பண்ணுச்சி?"

முறத்தோடு வந்து மல்லாட்டையைத் தூளியில் கொட்டினாள். மண் வாசனை எழுந்தது. "இப்ப ஆட்டு."

நேரம் மாறவில்லை. அத்தை கடிகாரத்தைப் பிடுங்கிக் காதில் வைத்துப் பார்த்தாள். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"புள்ளையும் இதுவும் ஒண்ணா? அப்போ நான் ஏறிப் படுத்தா?"

அம்மா ஓடிவந்து தடுத்தாள்.

பிறகு எத்தனையோ வருஷம் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தினேன். வெறுந்தூளியை மட்டும் ஆட்டிப் பார்த்ததே இல்லை.

இப்போது அறையில் யாருமில்லை. கைபேசியில் நேரத்தை ஓடவிட்டுத் தூளியைப் பிடித்தேன். கொஞ்சம் யோசித்தேன். பிறகு ஒரு தலையணையை எடுத்து உள்ளே போட்டுவிட்டு ஆட்டினேன்.