பழைய கவரில் அடைக்காத பொடி

நௌஷீன் பழவேற்காட்டுக்காரி. உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு, ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் ஒரு பலசரக்குக் கடை நிறுவனத்தில் சேர்ந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. அந்தக் கடைகளின் சொந்தப் பெயரில் வரும் பொடி, ஊறுகாய், முறுக்கு எல்லாவற்றுக்கும் கும்மிடிப்பூண்டி ஆலையில் பக்குவம் வகுப்பவள் அவள்தான். அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு பாக்கெட்டும் வெளியே போகாது.

சென்ற வருடம் எள் விலை ஏறியது. இட்லிப் பொடியில் எள்ளைப் பாதியாகக் குறைத்து வறுத்த வேர்க்கடலையைச் சேர்க்கச் சொன்னார் கொள்முதல் தலைவர் ரகுராம். ஒன்பது முறை வறுத்தும் அரைத்தும் பார்த்தாள். ருசி பார்க்க உட்கார்ந்த பத்துப் பேரில் ஏழு பேருக்குப் புதுப் பொடிதான் பிடித்தது. அவளுக்கே அதில் கொஞ்சம் பெருமை.

தகராறு கவரில் வந்தது. பழைய கவர் இரண்டு லட்சம் கையிருப்பில் இருந்தது. அதில் வேர்க்கடலை என்ற சொல்லே கிடையாது. அதெல்லாம் தீரட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றார் ரகுராம்.

"வேர்க்கடலை ஒத்துக்காத புள்ளைங்க இருக்குது சார். வாய் வீங்கி மூச்சு அடைச்சிக்கும். கவரப் பாத்துதான அம்மாக்காரி வாங்குறா?"

"எங்கேயோ ஒருத்தருக்காக இவ்வளவு கவரையும் குப்பையில போடச் சொல்றீங்களா?"

"போடுங்க சார்."

அன்று மாலையே பரிசோதனைத் தாளில் சிவப்பு மையால் எழுதினாள்: 'வேர்க்கடலை சேர்ந்தது. பழைய கவரில் அடைக்கக் கூடாது.' கீழே பெயர், தேதி. ஒரு நகலை அரவைக்கூடச் சுவரில் ஒட்டினாள். மறுநாள் மெஷினை ஓட்டச் சொல்லி ரகுராம் போன் செய்தார். இருபது வருடமாக மெஷின் பார்க்கும் லோகு, "மேடம் கையெழுத்து இல்லாம நான் ஸ்விச்சுல கை வெக்க மாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டார். மூன்று நாள் எதுவும் ஓடவில்லை.

நௌஷீனைச் சென்னைத் தலைமை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். பிடிவாதக்காரி, நாலு பேரோடு சேர்ந்து வேலை செய்யத் தெரியாதவள் என்றார்கள். வரவேண்டிய பதவி உயர்வு இனி வராது என்பதையும் ஒருவர் நயமாகச் சொன்னார்.

"சரி சார். பழைய கவர்லயே அடைக்கச் சொல்லி எழுத்துல குடுங்க. பேரும் போட்டுக் குடுங்க."

அறையில் இருந்த ஐந்து பேரில் ஒருவரும் பேனாவை எடுக்கவில்லை.

பழைய கவர்கள் கிழிபட்டன. புதுக் கவரில் 'வேர்க்கடலை உள்ளது' என்று கொட்டை எழுத்தில் அச்சானது. பொடி முன்பைவிட நன்றாகவே விற்றது. பதவி உயர்வு, அவளிடம் வேலை கற்ற வேறொருவருக்குப் போனது.

பொன்னேரியில் கடை வைத்திருக்கும் கணவன் இஜாஸுக்குத்தான் மனசு ஆறவில்லை. இவ்வளவு பேஜாருக்கு அந்த வேலையே வேண்டாம், ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடு என்றான்.

"நான் இன்னாத்துக்கு வரணும்? தப்பு பண்ணச் சொன்னது நான் இல்லியே" என்றாள். காலையில் வழக்கமான ரயிலில் ஏறி, முறுக்குக்கு வந்திருந்த எண்ணெய் மாதிரிகளைச் சோதிக்கப் போனாள்.