லோறன்ஸ் விழுங்கிய வார்த்தைகள்

மன்னாரிலிருந்து 1984இல் ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகருக்கு அகதியாக வந்த லோறன்ஸ், மற்றவர்களுக்கு முந்தி டொச் என்னும் ஜெர்மன் மொழியைப் பிடித்துக்கொண்டவர். எந்தத் தமிழருக்கு டொச்சில் கடிதம் வந்தாலும் அவருடைய அறைக்கதவுதான் தட்டப்படும். கத்தோலிக்கப் பங்குக் கோவிலில் ஊருக்காக நிதி சேர்க்கும் கூட்டங்களிலும் அவர்தான் பேசுவார்.

1987இல் சந்திரகாந்தி வந்தாள். ஊரில் மருத்துவத்தாதியாக இருந்தவள். அவள் வேலைசெய்த பிரசவ விடுதி ஷெல்லடியில் கூரையை இழந்திருந்தது. அதைத் திருத்தப் பங்கு மக்கள் போடும் ஒவ்வொரு மார்க்குக்கும் ஜெர்மன் அரசும் ஒரு மார்க் போடும் என்று ஏற்பாடாயிற்று.

“இந்த முறை சந்திரகாந்தி பேசட்டும். நீங்கள் மொழிபெயர்த்தால் போதும்” என்றார் பாதிரியார்.

லோறன்சுக்குப் பொறுக்கவில்லை. வந்து ஆறு மாதம் ஆகவில்லை, அதற்குள் மேடையா?

கூட்டத்தில் அவள் எழுந்து நின்றாள். “ஒருத்தி பிள்ளை பெறுறாள், மழை கொட்டுது. அவளின்ரை மாமிக்காரி தன்ரை சீலையை மேலை விரிச்சுப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. பிள்ளை அழுதிட்டுது. தாய்தான் கண் முழிக்கேல்லை.”

லோறன்ஸ் டொச்சில் சொன்னார்: “கூரை பழுதடைந்துள்ளது. மழைக்காலத்தில் பிரசவம் சிரமம்.”

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. சனம் தலையாட்டிவிட்டுக் கோப்பி குடிக்கப் போனது.

“சேர்ந்த பணம் பாதிக் கூரைக்கும் காணாது. நாம் குறைத்தால் அரசும் குறைக்கும்” என்றார் பாதிரியார்.

சந்திரகாந்தி லோறன்சிடம் வந்தாள். “நீங்கள் வடிவாத்தான் சொன்னியள் அண்ணை. எனக்குத்தான் கதைக்கத் தெரியேல்லை.”

“அப்பிடியில்லை தங்கச்சி” என்றார்.

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார். நாலாம் நாள் பாதிரியாரிடம் போய், “நான் சரியாக மொழிபெயர்க்கவில்லை” என்றார். ஏன் என்று கேட்காமல், ஞாயிறன்று இன்னொரு முறை சொல்லச் சொன்னார் பாதிரியார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் சந்திரகாந்தியைப் பக்கத்தில் நிறுத்திவைத்து, மழையையும் சீலையையும் தாயையும் ஒன்றும் விடாமல் சொன்னார். முன்வரிசைக் கிழவர் ஒருவர் எழுந்து, தன் தொப்பியை நீட்டித் தானே வசூலிக்கத் தொடங்கிவிட்டார். முழுக் கூரைக்கும் பணம் சேர்ந்தது.

எல்லோரும் சந்திரகாந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார்கள். சொன்ன வாய்க்குச் சொந்தக்காரர் ஓரமாக, சனம் இருந்த கதிரைகளை அடுக்கினார்.

அடுத்த ஆண்டு, கூரை போட்டாயிற்று என்று ஊரிலிருந்து கடிதம் வந்தது, சந்திரகாந்தியின் பெயருக்கு. லோறன்சுக்குச் சந்தோசம்தான். ஆனாலும் தன் பெயர் எங்காவது இருக்கிறதா என்று அவள் காட்டிய கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.