வறண்ட வாய்க்குச் சாட்சி சொன்ன டாக்டர்

பல் டாக்டர் சபாபதி காலமாகிவிட்டார் என்று அரக்கோணத்திலிருந்து காலை ரயிலில் வந்த பூக்காரம்மா நேற்றுச் சொன்னபோது, கையிலிருந்த சொம்பை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் எனக்குச் செய்தது திருத்தணியில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரியட்டும்.

கல்யாணமான மூன்றாம் வருஷம், இருபத்துமூன்று வயதில், என் பற்கள் ஈறோரம் கறுத்துப் பொடியத் தொடங்கின. வாரம் ஒருநாள் அரக்கோணத்திலிருந்து ரயிலில் வந்து கடைத்தெருவில் வைத்தியம் பார்த்த அவரிடம் மாமியார் அழைத்துப்போனார். பார்த்த பார்வையிலேயே, "இனிப்பு ரொம்ப சாப்பிடுறியாம்மா? நிறுத்திடு" என்றுவிட்டார்.

அது போதாதா? அன்றே வெல்லப்பானை அலமாரிக்குள் போய்ப் பூட்டு விழுந்தது. நெசவுத்தெரு முழுக்க நான் திருட்டுத் தீனிக்காரி. பெற்ற அம்மாவே நம்பவில்லை. அந்த மனிதரை நான் திட்டாத திட்டில்லை.

அடுத்த முறை பல்லை அடைக்கும்போது, எச்சிலை உறிஞ்சிக்கொள்ளக் கன்னத்தில் பஞ்சு வைத்தார். கால்மணி கழித்து எடுத்தால் பஞ்சு காய்ந்தபடியே கன்னத்தோடு ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். சோறு விழுங்கத் தண்ணீர் வேண்டியிருக்கிறதா, கண் உறுத்துகிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆங் என்றேன்.

அன்று மாலை ரயிலை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கே வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. எச்சில் வெறும் தண்ணீரில்லை, பல்லை அரிக்கும் கிருமியைத் தடுக்கும் காவல் அதில்தான் இருக்கிறது என்றார். உடம்பைக் காக்கவேண்டிய சக்தியே எனக்கு வழிதவறிப்போய் எச்சில் சுரப்பிகளைத் தாக்குகிறதாம். இந்த வாயில் வெறும் சோறு தின்றாலும் பல் சொத்தையாகுமாம்.

மாமியார் விடவில்லை. "நீங்கதானே சொன்னீங்க, இவ இனிப்பு துன்றான்னு?"

"ஆமாம்மா. சரியா பாக்காம சொல்லிட்டேன். தப்பு என்னுது, இந்தப் பொண்ணு மேல இல்ல."

வாசலில் தெருவே நின்று கேட்டது. அன்றைய சாப்பாட்டில் மாமியார், முழுங்கச் சுலபமாக இருக்கும் என்று என் தட்டில் ரசத்தைக் கூடுதலாக ஊற்றினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பற்களை அவரால் காப்பாற்ற முடியவில்லை. பத்து வருஷத்தில் ஒவ்வொன்றாக அவரே பிடுங்கினார். முப்பத்தைந்து வயதுக்குள் எனக்குக் கட்டுப்பல். போகட்டும், திருடி என்ற பெயர் போயிற்றே.

நேற்றே ரயிலேறி அரக்கோணம் போனேன். அவர் வீட்டில் பெண்கள் வாய்க்கரிசி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓரமாக நின்ற என்னை அவர் மகள் கூப்பிட்டார். இது யார் என்று ஒரு பெரியம்மா கேட்டார். "ஒரு பொண்ண தப்பா சொல்லிட்டேன்னு அப்பா சொல்லிகினே இருப்பாரே, அவங்கதான்" என்றார் மகள்.

அரிசியை அள்ளினேன். அவர் வாயில் இட்டேன்.

டாக்டர், என் கோபம் அன்று மாலையே போய்விட்டது. இத்தனை வருஷத்தில் ஒருநாளாவது அதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். போய் வாருங்கள்.