கொய்யாவுக்கு அடித்த மருந்து

பிள்ளைகளா, சின்னவளுக்கு இது நினைவிருக்காது, அதனால் எழுதுகிறேன்.

நம் வீட்டுக் கொய்யாவில் மாவுப்பூச்சி வெள்ளையாக அப்பி, காயெல்லாம் கருத்துப்போயிருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியப்பா, தன் நிலத்து மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, அடித்ததில் மிச்சத்தை நம் மரத்துக்கும் அடித்தார். "கொய்யாவுக்கும் மருந்து அடிச்சிட்டேன்பா" என்று வாசலில் சொல்லிவிட்டுப் போனார். சற்று நேரத்தில் பார்த்தால் சின்னவள் கையில் கடித்த காய்.

"ஏம்மா இதைத் துன்ன?"

"மருந்துன்னு சொன்னாருல்ல. எனக்குத்தானே இருமுது."

வாயைக் கொப்பளிக்க வைத்து, பெரியப்பாவின் மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு, பைக்கில் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பின்னால் உங்கள் அம்மா அவளை மடியில் இறுக்கிக்கொண்டு, "தூங்காதடி, எதையாவது பேசிக்கினே வா" என்று வழியெல்லாம் உலுக்கினாள். டாக்டர் டப்பாவைப் படித்துவிட்டு, அவளைச் சாயங்காலம் வரை படுக்க வைத்தார்.

"மருந்து உள்ள போகலைங்க. கூட்டிக்கினு போங்க" என்றார் கடைசியில்.

"இருமல் போயிடுச்சா?" என்று அவரைக் கேட்டாள் சின்னவள்.

வீட்டுக்கு வந்ததும் தனியாகத் தோட்டத்துக்குப் போனேன். காய்களை எல்லாம் பறித்துக் குழியில் புதைத்தேன். டப்பாவைத் திருப்பிக் கொடுக்கும் முன், அதன் மேல் சிவப்புப் பெயிண்டால் 'விஷம்' என்று பெரிதாக எழுதினேன்.