ஏழாவது அடியில் தடுக்கும் எஞ்சின்

மல்லிப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் தெருவில் பிறந்த ரஞ்சித்துக்குச் சின்ன வயதில் ‘மோட்டார்’ என்று பட்டப்பெயர். படகு கண்ணுக்குத் தெரியும் முன்பே, வருவது யாருடைய எஞ்சின் என்று சொல்லிவிடுவான். வெளியூர்க்காரர்களுக்கு இது வித்தை. தெருவுக்கு இது ஒன்றுமில்லை. அங்கே கல்யாணமான எந்தப் பெண்ணுக்கும் தன் வீட்டுப் படகின் சத்தம் தெரியும். சத்தம் காதில் விழுந்ததும் உலை வைத்து அரிசியைக் களைந்து போடுவாள். அடுப்பைத் தணித்துவிட்டுக் கூடையோடு கரைக்குப் போவாள். மீனை இறக்கிவிட்டு ஆள் வீடு திரும்பும்போது சோறு வெந்திருக்கும். இதற்குக் கடிகாரமும் வேண்டாம், போனும் வேண்டாம்.

காது வாய்த்த அளவுக்கு வயிறு வாய்க்கவில்லை. படகில் ஏறினால் ரஞ்சித்துக்கு வாந்தி. மீனவர் வீட்டுப் பிள்ளை கடலில் வாந்தி எடுத்தால் ஊர் என்ன பேசும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பத்தொன்பது வயதில் நீடாமங்கலத்துக்கு ஓடிப்போய் ஃபாஜில் என்பவரின் சவுண்ட் சர்வீஸில் சேர்ந்தான். மண்டபம் மண்டபமாக ஸ்பீக்கர் ஏற்றி இறக்குவது வேலை. வேலையில்லாத நேரத்தில் லேப்டாப்பில் மின்னிசை செய்வான். “பொட்டியத் தட்டுறதுக்கா இவ்ளோ சோறு திங்குற?” என்பாள் அவன் அம்மா சௌந்தரநாயகி. அந்த லேப்டாப்பை வாங்கிக் கொடுத்தவன் அண்ணன் ராஜசேகர். குடும்பத்தில் அவனைக் கிண்டல் செய்யாத ஒரே ஆள்.

ராஜசேகரின் ஃபைபர் படகில் பழைய டீசல் எஞ்சின் ஒன்று இருந்தது. டீசலைப் பீய்ச்சும் அதன் நாசிலில் ஏதோ கோளாறு. ஆறு அடி ஒழுங்காக அடிக்கும், ஏழாவதில் தடுக்கும். தடுக்கி விழப்போகிறவன் சமாளித்துக்கொண்டு நடப்பதுபோல மறுபடி ஓடும். தெருவுக்கு அது ஓட்டை எஞ்சின். ரஞ்சித்துக்கோ அதைக் கேட்டால் உடம்பு சிலிர்க்கும். அப்படியொரு தாளத்தை எந்த ஊர் டிரம் மெஷினும் தராது என்பான்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு மாசி மாதம் ஒரு காலையில் ராஜசேகர் தனியாக நண்டு வலை எடுக்கப் போனான். பத்து மணிக்குக் காற்று திரும்பியது. ஆளும் வரவில்லை, படகும் வரவில்லை. ஒரு வாரம் கடலைச் சலித்தார்கள். ஒரு பலகைத் துண்டுகூட ஒதுங்கவில்லை.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. உடலோ, படகின் துண்டோ கரைக்கு வராவிட்டால், மனைவி வாயைத் திறந்து “முடிச்சுடுங்க” என்று சொல்லும்வரை காரியம் செய்யமாட்டார்கள். அதுவரை அவள் பூவோடும் பொட்டோடும் இருக்கலாம். கேட்க நல்ல வழக்கம்போலத்தான் தெரியும். புருஷன் செத்தான் என்ற தீர்ப்பை அவள் வாயாலேயே சொல்ல வைப்பதைவிடக் கொடுமை வேறென்ன இருக்கிறது? ராஜசேகரின் மனைவி பிரதீபா சொல்லவில்லை. பத்து வயது மகள் மீனாவைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, தினமும் கரைக்குப் போய் நின்றாள்.

அவளைச் சம்மதிக்க வைக்கும் பொறுப்பு ரஞ்சித்தின் தலையில் விழுந்தது. ஞாயிறுதோறும் பஸ் ஏறி வருவான். “அண்ணி, அண்ணன் வரமாட்டாருங்க” என்பதை எத்தனை விதமாகச் சொல்லலாமோ அத்தனை விதமாகவும் சொன்னான். பதினாலு மாதம் ஆயிற்று. ஒரு ஞாயிறு அவளே வாசலுக்கு வந்து, “மாரியம்மன் திருவிழா முடியட்டும். புதன்கிழமை முடிச்சுடுங்க. நீயே இருந்து செய்யி,” என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரஞ்சித் பஸ்ஸில் உட்கார்ந்து நீடாமங்கலம் வரைக்கும் அழுதான்.

அதற்குச் சில மாதம் முன்பே அவனுக்கு ஒரு வாய்ப்பு வந்திருந்தது. பெங்களூரிலிருந்து ஓர் இணைய வானொலி ஒரு மணி நேர மிக்ஸ் கேட்டிருந்தது. எந்த வகை இசையும் வரலாம், ஆனால் உன் ஊர் அதில் இருக்க வேண்டும் என்றார்கள். ரஞ்சித் நான்கு மாதம் உழைத்தான். டப் என்ற மின்னிசை வகையில் தொடங்கி, ஹவுஸ், டெக்னோ, ஜங்கிள் என்று போகும். நடுவில் வலங்கைமான் கல்யாணத்தில் பதிவுசெய்த நாதஸ்வரம் வரும். நீடாமங்கலத்தில் ரயில் பெட்டிகள் இடித்துக்கொள்ளும். அறுவடை மெஷின் இரையும். ஒன்றோடொன்று ஒட்டாத இத்தனையையும் அடியில் ஓடிக் கட்டிப்போட்டது ராஜசேகரின் எஞ்சின்தான். மிக்ஸின் முதல் மூன்று நிமிடம் அது மட்டுமே ஒலிக்கும். தூரத்தில் மெல்லத் தொடங்கி, நெருங்கி நெருங்கிக் கரைக்கு வரும்.

அவனிடம் இருந்த பதிவு அப்படி இல்லை. அதில் படகு கரையிலிருந்து கிளம்பித் தேய்ந்து மறையும். ரஞ்சித் அதைத் துண்டு துண்டாக வெட்டி, கடைசியை முதலிலும் முதலைக் கடைசியிலும் வைத்தான். அண்ணனை ஒரு மணி நேரமாவது திரும்பி வரவைக்க வேண்டும் என்று தொடக்கத்தில் ஆசைப்பட்டுத்தான் செய்தான். ஆயிரம் தடவை கேட்ட பிறகு அது அவனுக்குத் திரையில் ஒரு நீலக் கோடு, அவ்வளவுதான். மோட்டார் என்று பேர் வாங்கியவனின் காது செத்தது இப்படித்தான்.

திருவிழாவுக்கு ஃபாஜிலின் ஸ்பீக்கர்களே வந்தன. காப்புக் கட்டிவிட்டால் கொடி இறங்கும்வரை ஒரு படகும் கடலுக்குப் போகாது. எல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. மதியம் மூன்று மணிக்குத் தெரு உண்டு களைத்துக் கிடந்தது. ஸ்பீக்கர்களைக் கடலுக்கு முதுகு காட்டித் தெருவைப் பார்க்க அடுக்கியிருந்தார்கள். சோதித்துப் பார்க்க ஏதாவது போடு என்றார் ஃபாஜில். கையில் இருந்ததை ரஞ்சித் போட்டான். போட்டுவிட்டு ஒயரைச் சரிசெய்யப் பந்தலுக்குப் பின்னால் போனான்.

மூன்று நிமிடம். கடல் பக்கத்திலிருந்து, படகே இல்லாத கடலிலிருந்து, ஆறு அடி அடித்து ஏழாவதில் தடுக்கும் அந்த எஞ்சின் தெருவை நோக்கி வந்தது.

ரஞ்சித் கூச்சல் கேட்டு ஓடிவந்தபோது பிரதீபா இடுப்பளவு தண்ணீரில் போய்க்கொண்டிருந்தாள். கையில் கூடை. அங்கே கடல் ஆழமில்லை, சேறுதான். நாலு பெண்கள் இறங்கி இழுத்துவர அரை மணி ஆயிற்று. அவள் வீட்டுக்குள் போன சௌந்தரநாயகி அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். உலையில் மூன்று பேருக்கான சோறு குழைந்துபோயிருந்தது.

“அண்ணி, அது நான் போட்ட பாட்டுங்க,” என்றான் ரஞ்சித்.

“பாட்டா? நாசில் தடுக்குறது எனக்குத் தெரியாதா?”

“அண்ணன் எஞ்சின்தான். நான் ரெக்கார்ட் பண்ணி வச்சிருந்தேன்.”

பிரதீபா அவனை நிதானமாகப் பார்த்தாள். “அவரு வர்ற சத்தம்ல அது? கல்யாணமானதுலேருந்து அவரு கரைக்கு வந்தப்பல்லாம் நான் நின்னிருக்கேன். ஒருநாளும் நீ மிஷினோட நின்னு நான் பார்த்ததில்ல. அப்ப எப்ப வந்தாரு? எங்க வச்சு எடுத்த?”

அவள் கேட்டதில் பிழையே இல்லை. அவர் எங்கோ கரை சேர்ந்திருக்கிறார், தம்பிக்குத் தெரிந்திருக்கிறது, மறைக்கிறான் என்று அவள் முடிவுகட்டினாள். அன்று மாலையே காரியம் கிடையாது என்று சொல்லிவிட்டாள். தலையில் மறுபடி பூ ஏறியது. மறுநாள் காலையில் மீனா பள்ளிக்கூடத்தில், “எங்கப்பா வந்துட்டாங்க, சித்தப்பாதான் எங்கயோ வச்சிருக்காங்க,” என்று சொல்லிவிட்டு வந்தது.

“விளையாட்டு வினையாப் போச்சு பாரு. நீதான் கெடுத்த, நீயே போய்ச் சொல்லு,” என்றாள் சௌந்தரநாயகி.

சொன்னால் போதாது, கேட்க வைக்க வேண்டும் என்று ரஞ்சித்துக்குத் தெரியும். வெட்டாத பதிவு லேப்டாப்பில் இருந்தது. அதைக் கேட்டால் படகு வரவில்லை, போகிறது என்று அவளுக்கே விளங்கிவிடும். ஆனால் அதன் முதல் நிமிடத்தை அவன் யாருக்கும் போட்டுக் காட்டியதில்லை. தானும் இரண்டாவது தடவை கேட்டதில்லை.

கொடி இறங்கிய மறுநாள் காலையில் அவள் எதிரே தரையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான். பேச்சு முடிந்து எஞ்சின் கிளம்பும் இடத்துக்கு நகர்த்தி வைத்தான். அவள் திரையைப் பார்த்தாள்.

“இதுக்கு முன்னாடி என்னமோ இருக்குல்ல?”

“சும்மா பேச்சுங்க அண்ணி.”

“முதல்லேருந்து போடு.”

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அழிந்துவிட்டது என்று பொய்கூடச் சொல்லியிருக்கலாம். ரஞ்சித் முதலிலிருந்து போட்டான்.

முதலில் காக்கை. பிறகு ராஜசேகரின் குரல், பக்கத்தில் நிற்பவனைப்போல. “இன்னைக்கு நாசில மாத்திடலாம்னு மெக்கானிக்க வரச் சொல்லியிருக்கேன்டா. இன்னைக்குக் கடலுக்குப் போகல.”

“வேணாம்ணே,” என்றது ரஞ்சித்தின் குரல். “மாத்திட்டா இந்தச் சத்தம் போயிடும். ஒரே ஒரு நாள் போகட்டும். இப்படியே ஒருதடவ போயிட்டு வா, நான் எடுத்துக்குறேன்.”

ராஜசேகர் சிரித்தான். “என் எஞ்சின் கெட்டாதான் உனக்குப் பாட்டு. சரி, கயித்த அவுத்து வுடு.”

எஞ்சின் கிளம்பியது. ஆறு அடி, தடுக்கல், ஆறு அடி, தடுக்கல். பதினோரு நிமிடம் அது தேய்ந்துகொண்டே போயிற்று. எஞ்சின் கேட்காமல் போன பிறகும் பிரதீபா வெறும் அலைச் சத்தத்தைக் கடைசிவரை கேட்டாள். அன்று காலை அவள் மீனாவுக்குக் காய்ச்சல் என்று பட்டுக்கோட்டை ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவன் போனதை அவள் கேட்டதே இப்போதுதான்.

“அன்னைக்கு ஆஸ்பத்திரியிலேருந்து நான் திரும்பி வந்ததும், பதினோரு மணிக்கு மெக்கானிக் வீட்டுக்கு வந்தான்,” என்றாள். “அண்ணன் வரச் சொன்னாருன்னான். ஆள வரச் சொல்லிட்டு அவரு ஏன் போனாருன்னு பதினாலு மாசமா யோசிச்சுக்கிட்டிருக்கேன்.”

ரஞ்சித் லேப்டாப்பை மூடினான்.

அவள் தலையிலிருந்த பூவைக் கழற்றித் தரையில் வைத்தாள். “புதன்கிழமை காரியம் நடக்கும். மீனா செய்வா. நீ வராத.”

அவன் போகவில்லை. மிக்ஸை அவன் திருவிழாவுக்கு முன்பே பெங்களூருக்கு அனுப்பியிருந்தான். எடுத்துவிடச் சொல்லி எழுதுவதற்குள் ஒலிபரப்பாகிவிட்டது. பலர் பாராட்டினார்கள். அந்தத் தடுக்கும் தாளத்தை எந்த மென்பொருளில் செய்தீர்கள் என்று கேட்டார்கள். அவன் யாருக்கும் பதில் எழுதவில்லை, லேப்டாப்பையும் பிறகு திறக்கவில்லை. நீடாமங்கலத்தில் இன்றும் ஸ்பீக்கர் ஏற்றி இறக்குகிறான். தெருவுக்குள் அவன் கால் வைத்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது.

போன மாதம் வலங்கைமான் சாலையில் வண்டியில் போகும்போது, ஒரு வயலில் டீசல் எஞ்சின் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. நாற்றங்காலுக்குப் பாய்ச்சிக்கொண்டிருந்த உலகநாதன் என்ற பெரியவர், முன்பின் தெரியாத ஒருவன் வண்டியைப் போட்டுவிட்டு வரப்பில் ஓடிவருவதைப் பார்த்தார்.

“ஐயா, எஞ்சின் மிஸ் ஆவுதுங்க. நாசில மாத்துங்க.”

“தெரியும் தம்பி. ஓடுதுல்ல? ரெண்டு நாள் போகட்டும்.”

ரஞ்சித் குனிந்து எஞ்சினை நிறுத்தினான். பெரியவர் திட்டினார். அவன் வலங்கைமானில் தனக்குத் தெரிந்த மெக்கானிக்குக்குப் போன் போட்டான். ஆள் வந்து சரிபார்க்கும்வரை வரப்பிலேயே உட்கார்ந்திருந்தான்.