நாடகப் பள்ளிக்கு அரைப்பேர்

தேயிலைத் தோட்டத்தில் ஓய்வு பெற்ற பெண்கள் சேமலாப நிதி கைக்கு வந்ததும் தோடு வாங்குவார்கள், இல்லையென்றால் லயத்து வீட்டுக் கூரைக்குப் புதுத் தகரம் போடுவார்கள். மருதாயி வட்டவளையில் பஸ் ஏறி, ஹட்டனுக்குப் போய் நாடகப் பள்ளியில் சேர்ந்தாள்.

பஜாரில் பைஸர் நானாவின் துணிக்கடைக்கு மேல்மாடிதான் பள்ளி. அதை நடத்திய நிரஞ்சன் கல்யாணமாகாத பையன். விண்ணப்பத்தை நீட்டி, "பேத்திக்காங்கம்மா?" என்று கேட்டான்.

"எனக்குத்தான் தம்பி."

"இங்க ஓடணும், குதிக்கணும். மத்தப் புள்ளைங்க எல்லாம் ஏலெவல் முடிச்சவங்க."

"நான் மலையேறி முடிச்சவ. எழுதுங்க."

ஒரு வருஷக் கட்டணத்தையும் ஒரே தடவையில் கட்டினாள். வருஷக் கடைசியில் எல்லோரையும் மேடையேற்றுவோம் என்று நிரஞ்சன் சொன்னதற்காகக் கட்டினாள்.

மேடை ஆசை அவளுக்குப் பழையது. தோட்டத்துத் திருவிழா நாடகத்தில் பொம்பளை வேஷத்தையும் ஆம்பளைகளே கட்டினார்கள். அவளுக்குக் கிடைத்ததெல்லாம் மலையில் தேத்தண்ணி குடிக்கிற நேரம்தான். தோட்டத்துத் துரை ஜீப்பிலிருந்து இறங்குவதை நடிப்பாள். கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளை தராசைப் பார்க்கிற மாதிரி வேறெங்கோ பார்ப்பதை நடிப்பாள். மாதர் சங்கத் தலைவியாக இருந்த காலத்தில் ஆபீசுக்குப் போய் நியாயம் கேட்டுவிட்டு வந்து, அந்தச் சண்டையை இரண்டு பக்கமும் தானே பேசி வாசலில் நடத்திக் காட்டுவாள். லயமே கூடி நிற்கும். அவள் புருஷன் அழகுமுத்து மட்டும் திரும்பிப் பார்க்காமல் பீடி பற்றவைப்பார்.

"வீட்டுல நடிக்கிறது போதலன்னு ஹட்டனுக்கு வேற போறாளாம்" என்றார் அவர். ஆனால் முதல் நாள் வகுப்புக்கு அவளுடைய செருப்பைத் துடைத்து வைத்ததும் அவர்தான்.

வகுப்பெடுத்த சிவகௌரி மிஸ் யாழ்ப்பாணம். ஹட்டனில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். முதல் வாரமே சொன்னார்: "மருதாயி அம்மா, உங்களுக்கு நல்ல குரல். ஆனா அடக்கத் தெரியேல்லை."

"இத்தன வருஷமும் அடக்கிக்கிட்டுத்தானே மிஸ் இருந்தேன்."

பிள்ளைகள் சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்தார். அன்றிலிருந்து எல்லோருக்கும் அவள் பெரியம்மா. எல்லோரும் சேர்ந்து குதித்தால் மாடிப் பலகையிலிருந்து தூசி கொட்டி நானாவின் சேலைகள் மேல் விழும். நானா கெஜக்கோலால் கீழிருந்து தட்டுவார். "நானா தாளம் போடுறாரு" என்று இன்னும் கொஞ்சம் குதிப்பார்கள்.

அப்போது கொரோனா ஊரடங்கு வந்தது.

வகுப்பு போனுக்கு மாறியது. மகள் கொழும்பில் ஆஸ்பத்திரிக் கருவிகள் பழுதுபார்க்கும் கம்பெனியில் டெக்னீஷியன். தன் பழைய போனை அனுப்பிவைத்து, எந்தப் பொத்தானை எப்போது அமுக்குவது என்று சொல்லிக் கொடுத்தாள். லயத்துக்குள் சிக்னல் ஒரு கோடு. தண்ணீர்த் தாங்கி மேட்டில் மூன்று கோடு. படத்தை அணைத்துவிட்டால் குரல் வெட்டாமல் போகும் என்றாள் மகள்.

"மூஞ்சி தெரியாம எப்புடிடீ நடிக்கிறது?"

"அப்ப ரெண்டுல ஒண்ணுதாம்மா கிடைக்கும்."

"ரெண்டுக்கும் சேத்துத்தான் காசு கட்டியிருக்கேன்."

மருதாயி ஒரு கையில் குடை, ஒரு கையில் போனோடு தாங்கி மேட்டில் நின்று படித்தாள். வட்டவளை மழை குடையைச் சட்டை செய்கிற மழை இல்லை. தேயிலைக்குள் நின்ற பெண்கள் கீழிருந்து கூப்பிடுவார்கள்: "என்னா அக்கா, சினிமாவுல எப்ப வருவீங்க?" அவளும் விடமாட்டாள்: "வந்தா ஒனக்கு டிக்கட் இல்லடீ."

மிஸ் எழுதிய நாடகத்தில் அவளுக்குத் தாய் வேஷம். மகன் செத்துப்போன செய்தி கேட்டு அழ வேண்டும். ஒருநாள் மிஸ் அழச் சொன்னார். மருதாயி போனைத் தாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தாள். குடையை எறிந்தாள். அழுதாள்.

தோட்டத்தில் இழவுச் செய்தி குரலாகத்தான் வரும். மேட்டிலிருந்து ஒருத்தி கத்தினால் மலை வேலையைப் போட்டுவிட்டு இறங்கும். அதுவும் கொரோனா காலம். எதிர் மலையில் நின்ற பழைய கூட்டாளி சிவனம்மா கொழுந்துப் பையோடு விழுந்து எழும்பி ஓடி வந்தாள். பின்னால் ஏழெட்டுப் பேர். கங்காணியும்.

"யாருடி? யாரு போனது?"

"யாரும் போகல. நாடகம்."

"நாடகமா? பாவி மகளே! எங்கொழுந்து பூராவும் பள்ளத்துல கொட்டிப்போச்சு!"

போனிலிருந்து சிவகௌரி மிஸ்ஸின் குரல் வந்தது: "மருதாயி அம்மா, ஏன் ஆடாமல் அசையாமல் நிக்கிறியள்? தொடங்குங்கோவன்."

படம் உறைந்துபோயிருந்தது. அவள் அழுததில் ஒரு சொட்டுக்கூட ஹட்டனுக்குப் போய்ச் சேரவில்லை.

ஓடி வந்தவர்களுக்கு அன்று நிறை குறைந்தது. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். மடுவத்துக் கொட்டகையில் கொழுந்தை நிறுத்து, சொன்ன நிறைக்குக் கொஞ்சம் குறைந்தாலும் அரைப்பேர்தான், அரை நாள் சம்பளம். ஏன் குறைந்தது என்று கேட்கும் வழக்கமில்லை. மருதாயி நனைந்த சேலையோடு மடுவத்துக்குப் போனாள்.

"நான் அழுததுக்கு இவங்களுக்கு எதுக்குய்யா அரப்பேரு? என் அழுவய நிறுத்துப் பாருங்க. அது ஆளுக்கு ரெண்டு கிலோ வரும்."

கணக்கப்பிள்ளை சிரித்துவிட்டார். சிரித்த பிறகு அரைப்பேர் போட முடியவில்லை. முழுப்பேர் போட்டார்.

ஊரடங்கு தளர்ந்தது. பஸ் ஓடியது. பள்ளி மாடி மட்டும் திறக்கவில்லை. போனிலேயே நடத்துவது செலவு குறைவு என்று நிரஞ்சன் கண்டுபிடித்திருந்தான். மாடியை நானாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டான். வருஷக் கடைசி மேடையும் போனில்தான் என்று செய்தி வந்தது. அவரவர் வீட்டில் அவரவர் நடித்துப் படம்பிடித்து அனுப்ப வேண்டுமாம்.

சுதர்ஷினி என்ற பிள்ளைதான் முதலில் அழைத்தாள். "பெரியம்மா, எங்கப்பா வட்டிக்கு எடுத்துக் கட்டுனாரு. லயத்துல சத்தமாப் பேசுனா பக்கத்துக் காம்பராவுல தட்டுறாங்க. நான் ஒரு நாடகமும் படிக்கல. காசத் திருப்பிக் கேப்போம். நீங்க பேசுங்க. உங்களுக்குத்தான் ஆபீசுல பேசத் தெரியும்."

மருதாயிக்குச் சங்கத்துக் காலம் திரும்பி வந்தது. நல்ல சேலையை எடுத்துக் கட்டினாள்.

பிள்ளைகளெல்லாம் நானாவின் கடையில் கூடினார்கள். நானா நிரஞ்சனுக்குப் போன் போட்டு, "தம்பி, ஒங்கட புள்ளைங்க எண்ட கடையில நிக்குதுங்க. யாவாரம் நடக்கல்ல, வாங்க" என்று வரவழைத்தார். செய்தி கேட்டு சிவகௌரி மிஸ்ஸும் வந்து, சட்டைத் துணிகள் பக்கமாக ஒதுங்கி நின்றார்.

நிரஞ்சன் மாஸ்க்கை இறக்கிவிட்டுப் பேசினான். "வகுப்பு ஒருநாளும் நிக்கல. மிஸ் ஒவ்வொரு வாரமும் படிச்சுக் குடுத்தாங்க. அப்புறம் எதுக்குக் காசு திருப்பித் தரணும்?"

"தம்பி, நாங்க ஒருநாளும் மலைக்குப் போகாம இருந்ததில்ல" என்றாள் மருதாயி. "விடிய எறங்கி அந்தி வரைக்கும் நிப்போம். ஆனா நிறை வரலைன்னா அரப்பேரு. போனதுக்குப் பேரு இல்ல, கொண்டாந்ததுக்குத்தான் பேரு. நீங்க எங்களுக்குக் கொண்டாந்தது நிறை பத்தாது. நான் மலையே எறங்கி ஓடி வர்ற மாதிரி அழுதேன். மிஸ்ஸுக்குப் போயிச் சேந்தது போட்டோ. ஒங்களுக்கு அரப்பேரு. பாதிக் காசத் திருப்புங்க."

"கொரோனாவ நான் கொண்டாந்தேனா?"

"மழைய நாங்களா கொண்டாந்தோம்? மழ பேஞ்ச நாளெல்லாம் அரப்பேருதான் போட்டாங்க."

பைஸர் நானா கெஜக்கோலால் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். நிரஞ்சன் தலையைச் சொறிந்துகொண்டு தெருவைப் பார்த்தான். கெட்ட ஆள் இல்லை அவன். கணக்குத் தெரிந்த ஆள்.

"சரிம்மா. பாதி தர்றேன். ஊரடங்குலேர்ந்து மிஸ்ஸுக்கும் பாதிச் சம்பளம்தான். இனி அதையும் நிப்பாட்டுனா எனக்குக் கட்டுப்படியாகும்."

மருதாயி துணிகளின் பக்கம் திரும்பினாள்.

"மிஸ், மெய்யாவா?"

"அது பரவாயில்லை அம்மா" என்றார் சிவகௌரி. "நீங்கள் கேக்கிறது நியாயம்தானே. போன்ல நான் படிப்பிச்சதும் அரைவாசிதான்."

மருதாயி ஒரு துணிக்கட்டின் மேல் உட்கார்ந்தாள். வென்ற பிறகு அவள் இப்படி உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை.

தன் வாழ்க்கையில் அவள் யாருக்கும் அரைப்பேர் போட்டதில்லை. வாங்கியிருக்கிறாள், அதற்காகச் சண்டை பிடித்திருக்கிறாள். இப்போது தன் வாயாலேயே போட்ட அரைப்பேர் ஒரு பொம்பளையின் தலையில் விழுந்துவிட்டது. மகள் வயிற்றில் இருந்த மாதங்கள் ஞாபகம் வந்தன. குனிய முடியாது, பை நிறையாது. மடுவத்து வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்கிற சிவனம்மா திரும்பிப் பார்க்காமலே தன் பையிலிருந்து ஒரு பிடி அள்ளி இவள் பையில் போடுவாள். பின்னால் நிற்கிறவள் ஒரு பிடி. தராசுக்கு வரும்போது நிறை சரியாயிருக்கும். கணக்கப்பிள்ளை வேறெங்கோ பார்ப்பார்.

எழுந்தாள். "தம்பி, எனக்குக் காசு வேணாம். கொறஞ்ச நிறைக்கு ஈடு கட்டுங்க."

"அப்புடின்னா?"

"மிஸ்ஸ எங்க முன்னுக்கு நின்னு படிச்சுக் குடுக்கச் சொல்லுங்க. மிஸ்ஸுக்கு முழுச் சம்பளம் குடுங்க, விட்டதையும் சேத்து. மேடை வேணும், போன் வேணாம்."

"எங்கம்மா வச்சுப் படிக்கிறது? மேல நானா மெத்தை அடுக்கிட்டாரே."

"எங்க தோட்டத்து மடுவம் ஞாயித்துக்கெழம சும்மாதான் கெடக்கு. கூரை இருக்கு, சுவரு இல்ல. காத்து நல்லா வரும், கொரோனா நிக்காது."

சுதர்ஷினிக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்கள நம்பித்தானே பெரியம்மா வந்தோம்? கைக்கு வந்த காச வேணாங்கிறீங்களே!"

"எனக்குத்தான் வேணாம்னேன். வேணுங்கிறவங்க கையை நீட்டுங்க புள்ள. அதையும் நானே வாங்கித் தர்றேன்."

மூன்று பேர் கை நீட்டினார்கள். மற்றவர்களுக்குத் திருப்பத் தேவையில்லை என்று கணக்குப் பார்த்து நிரஞ்சன் ஒத்துக்கொண்டான். மூவருக்கும் பாதிக் காசை வாங்கிக் கொடுத்தாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சுதர்ஷினி நீட்டப் போன கையை மடக்கிக்கொண்டாள். அப்புறம் பஸ்சில் மருதாயியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வட்டவளை வரைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள்.

மடுவத்துக்குக் கணக்கப்பிள்ளையிடம் கேட்டாள்.

"சத்தம் போடக்கூடாது" என்றார்.

"நாடகம்னாலே சத்தந்தான்யா. நீங்க நிறுக்கையில போடாத சத்தமா?"

ஞாயிறுதோறும் சிவகௌரி மிஸ் பஸ்சில் வந்தார். நிரஞ்சன் முணுமுணுத்துக்கொண்டே அவருடைய பாக்கிச் சம்பளத்தை இரண்டு தவணையாகக் கொடுத்தான். இன்னொரு ஊரடங்கு வந்து மாதக்கணக்கில் எல்லாம் நின்றுபோனது. பிறகு மறுபடி தொடங்கியது. சொன்ன வருஷக் கடைசி தாண்டி, அடுத்த வருஷமும் முடியப்போகிற சமயத்தில், தராசைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மடுவத்திலேயே நாடகம் போட்டார்கள். லயத்து ஆட்கள் சரிவில் உட்கார்ந்து பார்த்தார்கள். மகளும் லீவு எடுத்து வந்திருந்தாள். பைஸர் நானா மனைவி ரஸீனாவையும் கூட்டி வந்து, "எண்ட மாடித் தூசியில படிச்சவ" என்று எல்லோரிடமும் சொன்னார்.

மருதாயி அழுதாள். இந்த முறை அடக்கி அழுதாள். மலை முழுதும் கேட்கிற குரலைத் தொண்டையில் பிடித்துவைத்து, மடுவத்துக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு விட்டாள். சிவகௌரி மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எப்புடி?" என்று வந்து அழகுமுத்துவிடம் கேட்டாள்.

"வீட்டுல இதவிட நல்லாச் செய்வ" என்றார் அவர். கண் சிவந்திருந்தது. பீடிப் புகை என்றார்.

அதற்குப் பிறகு பள்ளி இல்லை. அவள் பழக்கத்தை விடவில்லை. மனசு வந்தால் தாங்கி மேட்டில் ஏறி ஒரு மூச்சு அழுதுவிட்டு, முகம் கழுவிச் சோறாக்க வருவாள். மலைக்கு அது பழகிப்போனது. யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

போன மாசி மாதம் ஒரு காலையில் மருதாயி எழும்பவில்லை. மகள் லீவில் வந்து நின்ற நாள். நாடி பார்க்கத் தெரிந்தவள், பார்த்தாள். வாசலுக்கு வந்து கத்தினாள். தாயின் குரல்தான் அவளுக்கும்.

எதிர் மலையில் பெண்கள் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் ஓடி வரவில்லை. மருதாயி பழகுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அழகுமுத்து தாங்கி மேட்டில் ஏறினார். அவர் கத்தவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கையாலும் உயர்த்திக் காட்டினார். அப்போதுதான் சிவனம்மா பையைப் போட்டுவிட்டு இறங்கத் தொடங்கினாள். பின்னால் மலை முழுதும் இறங்கியது.

அன்று இறங்கிய எல்லோருக்கும் அரைப்பேர் விழுந்தது. நியாயம் கேட்க யாரும் மடுவத்துக்குப் போகவில்லை. கேட்கிறவள் வீட்டில் படுத்திருந்தாள்.