அம்பொன்சாவின் இடது கை

கொனோங்கோவில் அம்பொன்சாவைத் தெரியாதவர்கள் என்றால், அவர்கள் வீட்டில் இன்னும் ஒரு கல்யாணமும் நடக்கவில்லை, ஒரு சாவும் விழவில்லை என்று அர்த்தம். சந்தைக்குப் போகிற வழியில் 'கடவுள் நேரம் தவறமாட்டார் ஸ்டுடியோ' என்று நீலப் பலகை தொங்குகிறதே, அதுதான் அவன் கடை. கடவுள் நேரத்துக்கு வந்துவிடுவார், அம்பொன்சாதான் ஒரு மணி நேரம் பிந்தி வருவான் என்று ஊரே சொல்லும். அதற்கெல்லாம் அவன் கோபப்படுகிற ஆள் இல்லை. "வந்துட்டேன்ல, அப்புறம் என்ன" என்பான். கல்யாணப் படம், ஞானஸ்நானப் படம், செத்தவர் முகத்தைப் போட்டு ஊர்ச் சுவரெல்லாம் ஒட்டுகிற சாவு போஸ்டர், எல்லாம் அவன் கைவேலைதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அஜெய் மாமாவுக்கு எண்பது வயது. அம்பொன்சாவின் மாமியார் கொனாடுவுக்கும், அவளுடைய அக்கா பெமாவுக்கும் அவர் தாய்மாமன், குடும்பத்துக்கே தலைவர். சர்ச்சில் நன்றி ஆராதனை முடிந்ததும் வீட்டு முற்றத்தில் குடும்பப் படம் எடுப்பதாக ஏற்பாடு. பரிசாக என்ன வேண்டும் என்று கேட்டபோது கிழவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அக்காவும் தங்கையும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு படம். அவ்வளவுதானே என்று நினைக்காதீர்கள். பதினோரு வருஷமாக அந்த இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பெமா சந்தையில் கிழங்கு மொத்த வியாபாரம் செய்கிறாள் என்பதற்காகவே கொனாடு வீட்டில் பதினோரு வருஷமாகக் கிழங்கு வேகவில்லை.

சண்டைக்குக் காரணம் பெமா என்பது ஊருக்கே தெரியும். உண்மையான காரணம் யார் என்பது ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அது அம்பொன்சா.

அவர்களுடைய அம்மா இறந்தபோது போஸ்டர் அடித்தது அவன்தான். பெமா தன் கையால் எழுதிக் கொடுத்த சீட்டில் பிள்ளைகள், பேரன் பேத்திகள், அக்கா தங்கை பிள்ளைகள் என்று நாற்பது பேர். கம்ப்யூட்டரில் பாதி ஏற்றும்போது கரண்டு போனது. வந்ததும் மறுபடி ஏற்றினான். அந்த அவசரத்தில் ஒரு வரி விட்டுப்போனது. விட்டுப்போன வரி கொனாடு. மறுநாள் ஊர் முக்கெல்லாம் போஸ்டர்; பெற்ற மகள் பெயரே இல்லை. "அக்கா வேணும்னே எடுத்துட்டா" என்றாள் கொனாடு. "நான் எடுக்கல" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள் பெமா. அதற்குமேல் சொல்ல அவளை ரோஷம் விடவில்லை. சரியாக அந்த மாதம்தான் கொனாடுவின் மகள் செர்வாவைப் பெண் கேட்டு அம்பொன்சா ஆள் அனுப்பியிருந்தான். வாயைத் திறப்பானா? கல்யாணம் முடிந்ததும் சொல்லலாம் என்று நினைத்தான். பிறகு முதல் குழந்தை பிறந்ததும் சொல்லலாம் என்று நினைத்தான். குழந்தைகள் மூன்று ஆகிவிட்டன.

அந்த ஞாயிறு காலையிலேயே சனி பிடித்துவிட்டது. ராத்திரி கரண்டு இல்லாததால் ஃப்ளாஷ் பேட்டரி செத்துக் கிடந்தது. பின்னால் கட்டுகிற நீலத் திரையை எலி கடித்து, வானத்தில் ஓட்டை விழுந்திருந்தது. எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஓடும்போது சாக்கடையைத் தாண்டினான், தாண்டாமல் விழுந்தான். வலது மணிக்கட்டு வீங்கிப் பப்பாளி ஆகிவிட்டது. செர்வா தன் தலைத்துணியை அவிழ்த்து அவன் கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டினாள்.

"ஒரு கைதானே போச்சு. இன்னொரு கை இருக்குல்ல?"

"இருக்கறது இடது கைடி."

"அப்ப வாயால வேலை பாரு. எங்கம்மாவும் பெரியம்மாவும் இன்னிக்கு ஒண்ணா உட்காரலன்னா நீ வீட்டுப் பக்கமே வராத, சொல்லிட்டேன்."

அவள் சொன்னது விளையாட்டுக்குத்தான். அவனுக்குத்தான் அது விளையாட்டாகப் படவில்லை. இடது கையால் ஒருவரைக் கூப்பிட்டால் எங்கள் ஊரில் அது செருப்பால் அடித்த மாதிரி. படம் எடுக்கிறவன் பிழைப்போ பாதி கையாட்டுவதில்தான் இருக்கிறது. எனவே கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, சின்ன ரிமோட்டை இடது கைக்குள் வைத்துக்கொண்டான். கையை அசைக்கும் போதெல்லாம் "இடது கைக்கு மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று பாட ஆரம்பித்தான். பத்து நிமிஷத்தில் முற்றத்துக் குழந்தைகள் எல்லாம் அதையே பாடின.

வெள்ளைத் துணி உடுத்தி முப்பது பேர் நின்றார்கள். முன்னால் மூன்று நாற்காலி. "நான் நடுவுல உட்கார்ந்தா அது சுவர் வெச்ச மாதிரி. நான் ஓரமா இருந்துக்கறேன்" என்று கிழவர் ஓரத்து நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அக்கா நடுவில், தங்கை அந்தப் பக்கம். இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள் என்பதே பெரிய விஷயம். ஆனால் உட்கார்ந்த வேகத்தில் கொனாடு தன் நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். பெமாவும் மாமா பக்கமாக ஒரு முழம் நகர்ந்தாள். நடுவில் ஒரு ஆடு போகலாம் போல இடம். ஆடும் போனது. பக்கத்து வீட்டு வெள்ளாடு, தனக்காக விட்ட வழி என்று நினைத்து நடுவில் நின்று கேமராவைப் பார்த்தது.

"ச்சூ, போ" என்று அம்பொன்சா இடது கையை வீசினான். ஆடு போய்விட்டது. வீசின கை அப்படியே மேலே நின்றது. "பெரியத்தை, கொஞ்சம் இப்படி வாங்க" என்று அதே கையால், அதே வீச்சில், பெமாவைக் கூப்பிட்டுவிட்டான். மன்னிப்புப் பாட்டு வாய்க்கு வரவில்லை.

பெமா மெதுவாக எழுந்தாள்.

"ஆட்டைத் துரத்தின கையால என்னைக் கூப்பிடறான். எல்லாரும் பாத்தீங்கல்ல? பதினோரு வருஷமா இந்தக் குடும்பத்துல எனக்கு மரியாதை இதுதான். செய்யாத தப்புக்குத் திருடி மாதிரி நடமாடறேன். மாமா, நான் வீட்டுக்குப் போறேன்."

"செய்யாத தப்பா? ஊர்ச் சுவர் பூரா பாத்துச்சே?" என்று கொனாடு வேறெங்கோ பார்த்தபடி சொன்னாள்.

பெமா செருப்பை மாட்டிக்கொண்டாள். கிழவர் மடியில் இருந்த தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அதை அம்பொன்சா பார்த்தான். இப்போது விட்டால் இந்த மனுஷனுக்கு அந்தப் படம் கிடைக்காது, இனி எந்தக் காலத்திலும் கிடைக்காது. அது தன்னால்தான்.

"அத்தை, அவங்க எடுக்கல. நான்தான் விட்டேன்."

"என்னத்த விட்ட?"

"உங்க பேரை. கரண்டு போயி வந்துச்சு, ரெண்டாவது தடவை ஏத்தறப்ப ஒரு வரி விட்டுப்போச்சு. பெரியத்தை எழுதின சீட்டு இன்னும் என் மேஜை டிராயர்லதான் கிடக்கு. அவங்க பேருக்கு அடுத்த பேரே உங்க பேருதான். செர்வாவைத் தரமாட்டீங்களோன்னு பயந்து நான் வாயே திறக்கல."

கூட்டத்தில் யாரோ தும்மினார்கள். செர்வா கண்ணை இமைக்காமல் புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குக் கணக்குத் தீர்க்க அவனுக்கு இன்னும் பல மாதம் ஆகும் என்பது வேறு கதை.

கொனாடு எழுந்து நின்றாள். நின்ற வேகத்தில் அவள் முழங்கால் ஆடியது. "பதினோரு வருஷம்டா. எங்கக்காவை நான் என்னென்ன பேசினேன் தெரியுமா? எங்கக்கா வீட்டுல பேரன் பொறந்தப்பக்கூட நான் போகலியே. வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

"நல்லாக் கேளு. என் தங்கச்சியை என்கிட்டேர்ந்து பிரிச்சுட்டு, மாசாமாசம் என் கடைக்கே வந்து கிழங்கு வாங்கி, 'சௌக்கியமா பெரியத்தை'ன்னு கேட்டுட்டுப் போவான்" என்றாள் பெமா. "கிழங்கு வேற."

"எந்த வீட்டுல தின்ன?" என்றாள் கொனாடு.

"ஸ்டுடியோல வேக வெச்சு" என்றான் அம்பொன்சா. அதையும் ஒப்புக்கொண்டதில் இரண்டு பேருக்கும் கோபம் இன்னும் ஏறியது. இருவரும் விரலை நீட்டிக்கொண்டு சேர்ந்தே அவனை நோக்கி வந்தார்கள். அவன் பின்வாங்கிச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றான். பயத்தில் கட்டைவிரல் ரிமோட்டை அழுத்திக்கொண்டே இருந்தது அவனுக்கே தெரியாது.

அம்பொன்சாவுக்கு அபராதம் அங்கேயே தீர்ப்பாயிற்று. அக்காவுக்கு ஒரு கோழி, தங்கைக்கு ஒரு கோழி, முட்டை தனித்தனியாக, மாமாவுக்கு ஒரு புட்டி ஷ்னாப்ஸ் சாராயம். பிறகு நாற்காலிகளை நெருக்கிப் போட்டுக் குடும்பப் படமும் எடுத்தாயிற்று. ஆட்களை நகர்த்த வேண்டியபோது செர்வாவே வலது கையால் நகர்த்தினாள். புருஷனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

புதன்கிழமை கொனாடு ஸ்டுடியோவுக்கு வந்தாள். கையில் பை, பைக்குள் கிழங்கு. பெரிய படத்தைப் பார்த்தாள். எல்லாரும் கோர்ட்டில் நிற்கிற மாதிரி விறைப்பாக இருந்தார்கள். "இது மாமாவுக்கு" என்று ஒதுக்கிவைத்துவிட்டு, "திட்டறப்ப எடுத்தியாமே, அதைக் காட்டு" என்றாள்.

காட்டினான். பெமாவின் வலது கை விரல் நேராக அம்பொன்சாவை நோக்கி நீண்டிருந்தது. இன்னொரு கை, முழங்கால் ஆடிய தங்கை விழுந்துவிடாதபடி, அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. கொனாடு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

இனி எதையும் மறைப்பதில்லை என்று சபதம் எடுத்திருந்த அம்பொன்சா தொண்டையைச் செருமினான். "அத்தை, முன்னாடியே சொல்லிடறேன். உங்களைப் புடிச்சிருக்கறது அவங்க இடது கை."

"எனக்குக் கண்ணு தெரியுது" என்றாள் கொனாடு. "பெருசாப் போடு. அந்தக் கையை மட்டும் ஓரத்துல வெட்டிடாத."